ஏலக்காயும் இரண்டு பேரேடுகளும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பிரயாணிகள் ஏலக்காயின் மணத்தை அறிவார்கள். அதைப் பின்தொடரும் வரிச் சட்டத்தை அறிந்தவர் சிலரே.

விவசாய வருமானத்துக்கு 1886-ஆம் வருஷத்து வருமானவரிச் சட்டம் விலக்களித்தது. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டமும் அதன்மீது வரி விதிக்கும் அதிகாரத்தை மத்திய சர்க்காருக்குத் தராமல் ராஜ்யங்களுக்கே விட்டது. தோட்டக்காரர் தாம் விளைவித்த பச்சைக்காயை ஸ்டோரில் உலர்த்தி விற்றாலும் அது விவசாய வருமானந்தான். உலர்த்தாத காயைச் சந்தையில் வைத்திருக்க முடியாதல்லவா? தேயிலைக்கு இச்சலுகை முழுமையாக இல்லை. இலையைத் தூளாக்குவது தொழிற்சாலை வேலையென்று கருதி, தோட்டத்தாரின் லாபத்தில் 40 சதவிகிதத்தை மத்திய வரிக்கு உட்படுத்தியிருக்கிறார்கள்.

ஏலக்காயை ஏலத்தில் வாங்கி விற்கும் வியாபாரியின் லாபமோ முழுவதும் வரிக்கு உரியது. 2017 ஜூலை 1 முதல் சரக்கின்மீது 5 சதவிகிதம் சரக்கு சேவை வரி வேறு!

மலையில் தோட்டமும் ஊரில் கடையும் உள்ள குடும்பத்துக்குத்தான் சங்கடம். கடை லாபம் வரம்பைத் தாண்டினால், அதற்குரிய வரி விகிதத்தை நிர்ணயிக்கத் தோட்ட வருமானத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். விலக்குக் கேட்பவரே அதற்கு ஆதாரமும் காட்டவேண்டும். இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதியவர் எதைக் காட்டுவார்?

ஆகவே, பேரேடு இரண்டாக இருக்கட்டும். நாட்டை ஏமாற்றாமலும் தாம் ஏமாறாமலும் இருக்க அதுவே வழி.