சோறு போடவில்லை என்று சொல்லும் மூளை

டிமென்ஷியா என்பது தனி ஒரு நோயின் பெயரன்று. நினைவு, பேச்சு, திசையறிதல், முடிவெடுத்தல் என்று மூளையின் திறன்கள் பலவும் படிப்படியாகக் குலைந்து, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள முடியாத நிலைக்கு ஒருவர் வந்து சேர்வதற்கான பொதுப்பெயர் அது. பத்தில் ஆறேழு பேருக்குக் காரணம் அல்சைமர் நோய். மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதாவதால் வருவது, லூயி உடல் வகை, மூளையின் முன்மடல் சுருங்குவதால் வருவது ஆகியவை மற்றவை. இரண்டு வகை ஒருவரிடமே கலந்திருப்பதும் உண்டு. தமிழில் பொதுவாக மறதி நோய் என்கிறோம். யாழ்ப்பாணத்துப் பழைய தலைமுறை ‘அறளை பேர்ந்திட்டுது’ என்று சொல்லும். கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் ‘சின்னன்’, அதாவது குழந்தைத்தனம். இந்தச் சொற்களில் கேலி உண்டு, அன்பும் உண்டு. மருத்துவரிடம் காட்ட வேண்டிய ஒன்று என்ற எண்ணம் மட்டும் இல்லை.

வயதானால் இப்படித்தான் என்ற இந்த ஒப்புதல் நோயை எவ்வளவு மறைக்கும் என்பதற்கு வேலூரை அடுத்த கணியம்பாடி சாட்சி. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றி நடக்கவில்லை என்ற குறையிலிருந்து 1998இல் கொச்சியில் பிறந்தது 10/66 ஆய்வுக் குழு. கணியம்பாடிக் கிராமங்களிலும் சென்னையிலும் 65 வயதைக் கடந்தவர்களை அக்குழு பரிசோதித்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் அளவுகோலைக் கொண்டு பார்த்தபோது கிராமத்தில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பொருந்தும்படி குழுவே வகுத்த முறையில் பார்த்தபோது அந்த எண்ணிக்கை பல மடங்கு ஏறியது.

இந்த வேறுபாட்டின் காரணம் சுவையானது. அன்றாட வாழ்க்கையில் குறை தெரிகிறதா என்று அமெரிக்க அளவுகோல் கேட்கும். ‘ஒரு குறையும் இல்லை’ என்றார்கள் வீட்டார். பொய் சொல்லவில்லை. பாட்டி அடுப்படிப் பக்கம் போய் வருடங்களாகின்றன. ரேஷன் கடைக்குப் பேத்தி போகிறாள். தட்டில் போட்டுக் கொடுப்பது மருமகள். செய்ய வேண்டிய வேலையே இல்லாதவரிடம் வேலையில் குறை எப்படித் தெரியும்? நம் குடும்பங்கள் முதியோரைத் தாங்குகின்றன என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்தத் தாங்கலே நோயை மறைத்தது. தாங்கிய பெண்ணையும் சேர்த்து மறைத்தது. இந்தியா முழுவதும் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2023இல் வெளியானது. அதன்படி 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் அது அதிகம்.

அல்சைமர் நோயில் முதலில் அடிபடுவது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. இன்று நடந்ததை நாளைய நினைவாகப் பதிந்து வைக்கும் இடம் அது. பதியாத ஒன்றை எவ்வளவு வற்புறுத்தினாலும் நினைவுக்குக் கொண்டுவர முடியாது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர் பெயரைச் சொல்பவர், அரை மணிக்கு முன் இட்லி சாப்பிட்டதை மறுப்பது இதனால்தான். ‘பழசெல்லாம் ஞாபகம் இருக்கு, இது மட்டும் மறக்குமா, வேணும்னே பண்றாங்க’ என்ற சந்தேகம் அநேகமாக எல்லா வீட்டிலும் எழுகிறது. அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதுதான் குடும்பத்துக்குச் செய்யக்கூடிய முதல் உதவி.

மூளைக்குக் காலியிடம் பிடிக்காது. பதியாமல் விட்டுப்போன இடத்தை ஏதாவது ஒரு கதையால் நிரப்பிக்கொள்ளும். சங்கிலியைப் பத்திரமாக அரிசிப் பானைக்குள் வைத்தவருக்கு, வைத்த செயல் பதிவாகவில்லை. சங்கிலி காணோம் என்பது மட்டும் தெரிகிறது. யாரோ எடுத்திருக்க வேண்டும். அருகில் இருப்பவர் மருமகள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘காலையிலிருந்து ஒரு வாய் சோறு போடல’ என்று முறையிடுவதும் இதே கணக்குத்தான். அதிகம் பார்த்துக்கொள்பவரே அதிகம் பழி சுமக்கிறார். தெருவும் உறவும் அந்தப் பழியை நம்பும்போது, நோய் தராத காயத்தை ஊர் தருகிறது. மறுத்து வாதாடினால் முதியவரின் பதற்றம் கூடும். ‘வாங்க, தேடிப் பார்ப்போம்’ என்று கூடவே தேடுவது, வழக்கமாக ஒளித்துவைக்கும் இடங்களைத் தெரிந்து வைத்திருப்பது, ‘பசிக்குதா, கொஞ்சம் மோர் தரவா’ என்று கேட்பது ஆகியவை வேலை செய்யும்.

நினைவு போனாலும் உணர்ச்சி உடன் போவதில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படத் துண்டுகளையும் சிரிப்பூட்டும் படத் துண்டுகளையும் காட்டினார்கள். சற்று நேரத்தில் படத்தைப் பற்றி அவர்களுக்கு ஏறக்குறைய எதுவும் நினைவில்லை. ஆனால் அது எழுப்பிய துக்கமும் மகிழ்ச்சியும் நீடித்தன. 2014இல் வந்த இந்த ஆய்வு வீட்டுக்கு நேராகச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. காலையில் கத்தியது மதியத்துக்குள் மறந்துவிடும். கத்தியதால் வந்த பயம் மறையாது. காரணம் தெரியாத அந்தப் பயத்தோடுதான் அவர் மாலைவரை உட்கார்ந்திருப்பார்.

கைப்பழக்கமும் நெடுநாள் தங்கும். அது பதியும் இடம் மூளையில் வேறு. மகனின் பெயரை மறந்தவர் பூ கட்டுவார், கீரை ஆய்வார், துணி மடிப்பார், பழைய பாட்டை அடி பிசகாமல் பாடுவார். கட்டிய பூ சரியில்லை என்பது ஒரு பொருட்டே அல்ல.

தொல்லையாகத் தெரியும் நடத்தைகள் பலவற்றுக்குப் பின்னால் சொல்ல முடியாத ஒரு தேவை இருக்கும். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே ‘வீட்டுக்குப் போகணும்’ என்று கிளம்புவது மிகப் பரவலான ஒன்று. அவர் கேட்பது பெரும்பாலும் இளமையில் பாதுகாப்பாக உணர்ந்த இடத்தை. ‘இதுதானே வீடு’ என்ற பதில் அங்கே எடுபடாது. ‘அங்கே யாரெல்லாம் இருப்பாங்க?’ என்று பேச்சுக்கொடுத்து, தெருமுனை வரை நடந்து திரும்பினால் பல நாள் அடங்கும். அந்தி வேளையில் பதற்றம் கூடுவதற்கு, இரவு பகலைக் கணிக்கும் மூளைக் கடிகாரம் பழுதாவது ஒரு காரணம். பகலில் வெயில் வெளிச்சம் படுவதும், இருட்டும் முன்பே விளக்கு போடுவதும் உதவும். கறுப்பு மிதியடி குழியாகத் தெரியலாம். கண்ணாடியில் தெரியும் கிழவர் அந்நியராகத் தெரியலாம். மிதியடியை எடுத்துவிட்டு, கண்ணாடியைத் துணியால் மூடினால் போதும், மாத்திரை வேண்டாம். குளிக்க மறுப்பவருக்குத் தலையில் சொம்புத் தண்ணீர் விழுவதே அதிர்ச்சி. பாதத்திலிருந்து தொடங்கி மேலே வருவது உதவும். சில நாள் ஈரத்துணியால் துடைத்துவிடுவதோடு நிறுத்துவதும் குற்றமில்லை.

சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி வைப்பது, கழிப்பறைத் தாழ்ப்பாளை உள்ளிருந்து போட முடியாதபடி கழற்றுவது, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் தைத்து வைப்பது போன்றவை நோயின் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டியவை. முதல் தடவை காணாமல் போன பிறகுதான் பெரும்பாலான வீடுகள் இதையெல்லாம் யோசிக்கின்றன.

மறதி எல்லாமே டிமென்ஷியா அல்ல. தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைபாடு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்து அடிபட்டதால் மூளையுறைக்குள் தேங்கிய இரத்தம் ஆகியவையும் அதே தோற்றம் காட்டும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஏற்கெனவே நோய் உள்ளவர் ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பினால், நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் சோடியம் குறைதல், புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். கண்புரையும் காது மந்தமும் சரிசெய்யப்படாவிட்டால், தடுமாறும் மூளைக்கு வந்து சேரும் செய்தியும் அரைகுறையாகிவிடும்.

மருந்துகளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் ஆகியவை சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைச் சற்றுத் தணிக்கும், நோயை நிறுத்தாது. 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெகனெமாப், ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும் நோயின் வேகத்தைச் சிறிது குறைக்கிறது. மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் வரக்கூடும் என்பதால் அடிக்கடி ஸ்கேன் வேண்டும். கோபத்தையும் அலைச்சலையும் அடக்கக் கொடுக்கப்படும் மனநோய் மாத்திரைகள், டிமென்ஷியா உள்ள முதியோரின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. வேறு வழியே இல்லாதபோது, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு மட்டும் அவை ஏற்கத்தக்கவை.

ஆக, இன்றைய நிலையில் சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டில் இருப்பவரின் கையில் இருக்கிறது. அவர் யார் என்றால் பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். ‘பராமரிப்பாளர்’ என்று யாரும் தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை. ‘நான்தான் பார்த்துக்கறேன்’ என்பார்கள். பார்த்துக்கொள்வதன் விலையை அறிவியல் அளந்திருக்கிறது. 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோவில், டிமென்ஷியா உள்ள உறவினரைக் கவனித்துவந்த 13 பெண்களின் கையில் மிகச் சிறிய காயம் ஏற்படுத்தி ஆறும் நாளை எண்ணினார்கள். அதே வயதுள்ள மற்றப் பெண்களைவிட அவர்களுக்கு ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. உடலின் எதிர்ப்பாற்றலையே மன அழுத்தம் குலைக்கிறது என்பது பொருள். நோயுற்ற துணையைக் கவனித்து, அதனால் மனஅழுத்தத்துக்கும் ஆளான முதியோரின் இறப்பு விகிதம் நான்கு ஆண்டுகளில் 63 விழுக்காடு அதிகம் என்று 1999இல் இன்னோர் ஆய்வு கண்டது. தூக்கக் கெடுதலும் தனிமையும் மட்டுமல்ல, ஆள் எதிரில் இருக்கும்போதே அவரை இழந்துவிட்ட துக்கமும் இதில் சேரும். அதற்குச் சாவு வீட்டைப் போல ஆறுதல் சொல்ல யாரும் வருவதில்லை.

இந்தப் பாரத்தைக் குறைக்கப் பெரிய மருத்துவமனைகள் தேவையில்லை என்பதற்குச் சான்று கோவாவில் இருக்கிறது. அங்கே இரண்டு தாலுகாக்களில் 81 குடும்பங்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, மனநல மருத்துவர் பின்னிருந்து வழிகாட்ட, ஆறு மாதம் வீடு வீடாக அனுப்பினார்கள். நோய் என்ன என்று விளக்குவது, குளிப்பாட்டல், அலைச்சல் போன்றவற்றுக்கு வழி சொல்வது, மற்ற உறவினரையும் வேலையில் பங்கேற்க வைப்பது, கிடைக்கக்கூடிய அரசு உதவியைச் சொல்வது ஆகியவைதான் அவர்கள் செய்தது. பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் தெளிவாகத் தேறியது. லண்டனில் எட்டு அமர்வுகளில் சமாளிக்கும் வழிகளைக் கற்றுக்கொண்ட குடும்பத்தாரிடம் ஆறு ஆண்டுக்குப் பின்னும் மனச்சோர்வு குறைவாக இருந்தது. கற்றுக்கொடுத்தவர்கள் உளவியல் பட்டதாரிகள், மருத்துவர்கள் அல்லர். நோயாளிகளைச் சிறு குழுவாக உட்காரவைத்துப் பேச்சு, பாட்டு, படம் ஆகியவற்றால் மூளையைத் தூண்டும் பயிற்சியைச் சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் தமிழுக்கு ஏற்ப மாற்றியமைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரை கொண்டுவரும் பெண்ணே ‘பெரியவங்களுக்கு ஞாபகம் எப்படி இருக்கு, நீங்க ராத்திரி தூங்கறீங்களா?’ என்று கேட்டால், கோவா மாதிரியில் பாதி இங்கே வந்துவிடும். அந்த இரண்டாவது கேள்வியை இப்போது அநேகமாக யாரும் கேட்பதில்லை. முதியோருக்கான 14567, மனநலத்துக்கான 14416 ஆகிய இலவச எண்களில் பார்த்துக்கொள்பவரும் தனக்காகப் பேசலாம்.

பணத்தைப் பற்றி நோயின் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது. பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்ததும் அதன் செல்லுபடி முடிந்துவிடும் என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். அதன்பின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றப் படியேற நேரிடும். உயிலும் வங்கியில் கூட்டுக் கணக்கும் கையெழுத்துப் போடும் தெளிவு இருக்கும்போதே முடிய வேண்டியவை.

கடைசி நிலையில் பேச்சு நின்றுபோகும், விழுங்குவது கடினமாகும். உணவு மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியா வருவதே பலருக்கு இறுதிக் காரணம். மூக்கு வழியாகவோ வயிற்றிலோ குழாய் பொருத்துவது இந்த நிலையில் ஆயுளைக் கூட்டுவதாகச் சான்றில்லை. குழாயைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டிவைப்பதும் படுக்கைப் புண்ணும் கூடவே வரும். நிமிர்த்தி உட்காரவைத்து, குழைத்த ரசஞ்சாதத்தைச் சிறு கரண்டியால் ஊட்டி, ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்ததைக் கொடுப்பதைத்தான் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஒரு வேளை உணவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். வலியைச் சொல்ல வாயில்லாததால் நெற்றிச் சுளிப்பு, முனகல், தொட்டால் கையை இழுத்துக்கொள்வது ஆகியவற்றை வைத்து அறிய வேண்டும். அந்த முகத்தை நாள்தோறும் பார்த்துவந்தவருக்கு அது தெரியும். அடுத்த முறை மருத்துவர் வரும்போது கேட்க வேண்டியது அவரைத்தான்.