முன்வாசல் சார்ப்பை மாற்றப் போறீங்களா?

தை அறுவடை முடிந்து கையில் நாலு காசு வந்ததும், முன்வாசல் ஓட்டுச் சார்ப்பைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போடப் பலரும் நினைப்பீர்கள். "நம்ம வீடு, நம்ம திண்ணை, யாரைக் கேக்கணும்?" என்று தோன்றும். கேட்கத்தான் வேண்டும்!

உடைந்த ஓட்டை மாற்றுவது பழுதுபார்க்கும் வேலை. தூண் எழுப்பித் தளம் போடுவதோ புதுக் கட்டடம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, கட்டட விதிகள் 2019 ஆகியவற்றின்படி, வேலை தொடங்குமுன்பே அனுமதி பெற வேண்டும். பட்டா நகலோடும் வரைபடத்தோடும் ஊராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

முதலில் எல்லையைப் பாருங்கள். பழைய திண்ணை தெருப்பக்கம் இரண்டடி தள்ளி நிற்கலாம். "தாத்தா காலத்துத் திண்ணைங்க" என்று சொன்னால் எடுபடாது. புதுத் தூண் தெருவில் நின்றால் ஆக்கிரமிப்புதான். இடிக்க நேர்ந்தால் போட்ட பணம் போச்சு. நில அளவரைக் கொண்டு முன்னதாகவே அளந்துவிடுங்கள்.

அடுத்தது பாரம். பத்தடிக்குப் பத்தடி, நாலு அங்குலத் தளம் சுமார் 2,350 கிலோ எடை இருக்கும். அதாவது 50 கிலோ சிமெண்டு மூட்டை 47! ஓட்டைத் தாங்கிய மண்சுவர் இதைத் தாங்குமா? அதன் கீழே உட்காரப் போவது நம் பிள்ளைகள். அஸ்திவாரத்தோடு தனித் தூண்கள் வேண்டும். பொறியாளர் யோசனையும் வேண்டும்.

தளத்து மழைத்தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் விழாதபடி குழாய் வையுங்கள். தளமும் நிலைக்கும், உறவும் நிலைக்கும்.