பாறை ஓவியத் தளங்களின் ஒலியியல்: குகைச் சான்றுகளும் குப்கல் ஒலிப்பாறைகளும்

திறவுச்சொற்கள்: பாறை ஓவியம், தொல்லியல் ஒலியியல், ஒத்ததிர்வு, குப்கல், புதிய கற்காலம்

முன்னுரை

பாறை ஓவிய ஆய்வுகள் பெரும்பாலும் உருவம், வண்ணம், காலம் ஆகியவற்றையே மையமாகக் கொண்டுள்ளன. ஓவியம் அமைந்த இடம் எவ்வாறு ஒலிக்கிறது என்னும் வினா, 1980களில்தான் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெறத் தொடங்கியது. ஓரிடத்தின் ஒலிப்பண்பைத் தொல்மாந்தர் அறிந்து பயன்படுத்தினர் என்பதற்கு எத்தகைய சான்று வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குகைகளில் ஒலி அளவீடு

இகோர் ரெஸ்னிகாஃப், மிஷேல் டோவ்வா ஆகியோர் பிரான்சின் அரியேஜ் பகுதிக் குகைகளில் குரலெழுப்பி, ஒத்ததிர்வு மிகும் இடங்களைக் குறித்தனர். ஓவியங்கள் பல அவ்விடங்களை ஒட்டியே அமைந்துள்ளன என்று 1988இல் எழுதினர். இம்முறையில் ஆய்வாளரின் குரலும் செவியுமே அளவுகோல்களாயின.

இக்குறையை நீக்கும் வகையில், வட ஸ்பெயினின் லா கார்மா, எல் காஸ்தியோ உள்ளிட்ட ஐந்து குகைகளில் புரூனோ ஃபசெண்டா குழுவினர் கருவிகளைக் கொண்டு அளந்தனர். ஓவியம் உள்ள இடங்களோடு இல்லாத இடங்களையும் அளந்து ஒப்பிட்டமை இவ்வாய்வின் சிறப்பாகும். 2017இல் வெளியான முடிவின்படி, புள்ளி, கோடு போன்ற குறிகளுக்கும் தாழ் அதிர்வெண் ஒத்ததிர்வுக்கும் தொடர்பு தென்பட்டது. ஆயினும் அது வலுவானதன்று.

தொடர்பு வலுவாக இருப்பினும் அது நோக்கத்தை மெய்ப்பிக்காது. ஓவியம் தீட்ட ஏற்ற வழவழப்பான கடின சுவரே ஒலியையும் நன்கு எதிரொலிக்கும். ஓவியர் தேர்ந்தது ஒலியையா, சுவரையா என்பதை அளவீடு மட்டும் உணர்த்தாது.

குப்கல் தரும் சான்று

கர்நாடகத்தின் பல்லாரிக்கு அருகிலுள்ள குப்கலில் நிலைமை வேறு. இத்தளத்தைப் பற்றி ஃபிரெட் ஃபாசெட் 1892இல் எழுதினார். நிக்கோல் பாய்வின் மீளாய்வு செய்து 2004இல் கட்டுரை வெளியிட்டார். இங்குள்ள டோலரைட் பாறைகளில் மாட்டுருவங்கள் மிகுதியாகச் செதுக்கப்பட்டுள்ளன. சில பாறைகளில் உருவமற்ற சிறு குழிவுகள் காணப்படுகின்றன. அவற்றைக் கருங்கல்லால் தட்டினால் சேகண்டி போன்ற முழக்கம் எழுகிறது.

குகையில் ஒலி இடத்தின் இயல்பாக மட்டுமே நிற்கிறது. குப்கலில் அது தட்டிய கையின் தடத்தோடு இணைந்துள்ளது. எனவே, மனிதச் செயலுக்கான சான்று என்னும் வகையில் இது வலிமை மிக்கது. எனினும் குழிவுகளின் காலத்தை ஒலியைக் கொண்டு கணிக்க இயலாது. செதுக்கல்கள் அனைத்தும் ஒரே காலத்தன அல்ல என்பதால், ஒவ்வொரு குழிவையும் புதிய கற்காலத்தது எனக் கொள்வதும் பொருந்தாது.

முடிவுரை

குப்கல் பகுதியில் நிகழ்ந்த கல்லுடைப்பு இச்சான்றுகளுக்கு அச்சுறுத்தலாக அமைந்தது. பாறையின் ஒலி அதன் வடிவம், விரிசல், அது தாங்கப்பட்டிருக்கும் முறை ஆகியவற்றைச் சார்ந்தது. பாறை இடம்பெயர்ந்தால் உருவம் எஞ்சலாம்; ஒலி மாறிவிடும். ஆதலின் களஆய்வில் நிழற்படத்தோடு ஒலிப்பதிவும் இடம்பெறுதல் வேண்டும். பழைய குழிவின்மீது கல்லால் தட்டுவது சான்றையே சிதைக்கும் என்பதால், மென்மையான கருவியால் தட்டிப் பதிவு செய்வதே தக்கது.