செத்த டிஸ்க்கும் மீதி மூன்றும்

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையோர டீக்கடை. ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. எட்டு வருஷத்துக் கல்யாணப் படங்கள் இருக்கும் சேமிப்புப் பெட்டி காலையிலிருந்து பீப் பீப்பென்று கத்துகிறதாம். நாலு டிஸ்க்கில் மூன்றாவதன் விளக்கு சிவப்பு.

"ஆனா படமெல்லாம் திறக்குதே தம்பி?"

திறக்கும். அதற்காகத்தான் ரெய்டு (RAID), அதாவது ஒன்று செத்தாலும் மற்றவை தாங்கும்படி பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் முறை. 1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை தந்த பெயர் அது. பில் சீட்டின் பின்பக்கம் 7, 5, 8 என்று எழுதி, பக்கத்தில் கூட்டுத்தொகை 20 போட்டேன். நடுவில் இருந்த 5-ஐ விரலால் மறைத்தேன். "இருபதுல ஏழும் எட்டும் போனா?" "அஞ்சு" என்றார். உங்கள் பெட்டியும் இதைத்தான் செய்கிறது. கூட்டலுக்குப் பதில் எக்ஸார் (XOR) என்ற பிட் கணக்கு, அவ்வளவுதான். கூட்டுத்தொகையும் ஒரே டிஸ்க்கில் இருக்காது. நாலிலும் மாறி மாறி உட்காரும்.

"அப்போ புது டிஸ்க்கைச் சொருகிடறேன்."

அவசரப்படாதீங்க அண்ணே. புதியதை நிரப்ப, மீதி மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். 4 டெராபைட் டிஸ்க், நொடிக்கு 150 மெகாபைட் வேகம் என்றாலே ஏழரை மணி நேரம். கூடவே ஆல்பம் வேலையும் ஓடினால் நாள்கணக்கில் இழுக்கும். அந்த மூன்றும், செத்த டிஸ்க்கோடு ஒரே நாளில் வாங்கியவை, அதே சூட்டில் ஓடியவை. அதில் இன்னொன்று படுத்தால், கழிக்க எண்ணே இருக்காது. வருஷக்கணக்காக யாரும் திறக்காத மூலையில் ஒரு செக்டார் கெட்டிருந்தாலும் அன்றுதான் தெரியவரும்.

அதனால் முதலில், முக்கியமான படங்களை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். அடுத்து, செத்த டிஸ்க்கின் சீரியல் நம்பரைத் திரையில் பார்த்து, உருவும்போது லேபிளோடு ஒப்பிடுங்கள். பதற்றத்தில் நல்ல டிஸ்க்கை உருவிவிட்டு அழுதவர்கள் நிறைய. புதியது பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. சொருகிய பிறகு, மறுகட்டுமானம் முடியும்வரை பெட்டியைத் தொந்தரவு செய்யாதீர்கள். கரண்ட் போனால் தாங்க யூபிஎஸ் இருக்கட்டும்.

"அப்புறம் பயமில்லையே?"

இருக்கு அண்ணே. 2015 டிசம்பரில் பக்கத்துத் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. தரைத்தளத்தில் தண்ணீர் ஏறினால் நாலு டிஸ்க்கும் சேர்ந்தே மூழ்கும். எந்தக் கணக்கும் மீட்காது. ரெய்டு வேறு, நகல் வேறு. ஒரு நகலை ஸ்டூடியோவில் வைக்காமல், மாடியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் இன்றைக்கே கொடுத்து வையுங்கள்.