தலையாய கிற்றார்க் கலைஞர் யார்?

1960களின் நடுப்பகுதியில், இலண்டன் மாநகரின் இஸ்லிங்ரன் பகுதியிலே ஒரு சுவரில், கிளப்ரன் கடவுள் என்று எவரோ எழுதிவைத்தனர். எரிக் கிளப்ரன் அப்பொழுது இருபது வயதை அண்மையிற் கடந்த இளைஞர். மின்கிற்றார் வாசிப்பதில் அவருக்கு நிகர் எவருமிலர் என்பது அந்நகரத்து இளைஞரின் துணிபு. 1966 செப்டெம்பரில் ஜிமி ஹென்ட்றிக்ஸ் என்னும் கறுப்பின அமெரிக்க இளைஞர் இலண்டனுக்கு வந்து சேர்ந்தார். வந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. ஒக்டோபர் 1 ஆம் நாள், கிளப்ரனின் 'கிறீம்' குழு தொழினுட்பக் கல்லூரி ஒன்றின் மண்டபத்தில் இசைத்துக்கொண்டிருக்க, ஹென்ட்றிக்ஸ் தாமும் உடன் வாசிக்க இடங்கேட்டு மேடையேறினார். அவர் வாசித்து முடிப்பதற்குள் கிளப்ரன் திகைத்து மேடையை விட்டு அகன்றுவிட்டார் என்பர். சுவரில் எழுதிய பட்டம் ஒரே மாலையில் ஆட்டங்கண்டது.

றொக் இசையில் தலையாய கிற்றார்க் கலைஞர் யார் என்னும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. 'றோலிங் ஸ்ரோன்' என்னும் அமெரிக்கச் சஞ்சிகை 2003, 2011, 2023 ஆகிய ஆண்டுகளில் இதற்கென வரிசைப் பட்டியல்கள் வெளியிட்டது. மூன்றிலும் முதலிடம் ஹென்ட்றிக்ஸுக்கே. அவருக்குக் கீழே நிலைத்த இடம் உடையவர் அரியர். 2003 இல் 70 ஆம் இடத்திலிருந்த எடி வான் ஹேலன் 2011 இல் 8 ஆம் இடத்துக்கும், 2023 இல் 4 ஆம் இடத்துக்கும் உயர்ந்தார். கிளப்ரனோ முதலிரு பட்டியல்களில் 4, 2 என நின்று, மூன்றாவதில் 35 ஆம் இடத்துக்கு இறங்கினார். இவ்விருவருக்கும் புகழ் தேடித்தந்த இசைத்தட்டுகள் 2003க்கு நெடுநாள் முன்னரே வெளிவந்தவை. ஆகவே மாறியது அவர்தம் வாசிப்பன்று, கேட்போர் கையிலுள்ள அளவுகோலே.

அளவுகோல் ஏன் பலவாயின என்பதை அறியக் கருவியைச் சற்று நோக்கவேண்டும். மரக் கிற்றாரில் ஒலியைப் பெருக்குவது அதன் உட்குடைந்த உடலே. மின்கிற்றாரில் அவ்வேலையைச் செய்வன காந்தமும், கம்பிச் சுருளும், மின்பெருக்கியுமாம். உருக்குத் தந்தி அதிரும்பொழுது காந்தப் புலம் கலைந்து, சுருளில் நுண்ணிய மின்னோட்டம் எழுகின்றது. பெருக்கி அதனை வலுவாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றது. 1930களின் தொடக்கத்தில் இக்கருவி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, எக்காளங்களின் முழக்கத்தினிடையே கிற்றாரின் மெல்லோசையும் காதில் விழவேண்டும் என்பதே நோக்கம். ஆயினும், பெருக்கியை அதன் எல்லைக்குமேல் முடுக்கினால் ஒலி சிதைந்து உறுமும். ஒலிபெருக்கியின் ஓசையே தந்தியை மீண்டும் அதிரச்செய்ய, ஓலமொன்று ஓயாது எழும். குறையெனக் கருதப்பட்ட இவ்விரண்டையும் ஹென்ட்றிக்ஸ் பண்ணாக ஆண்டார். 1969 ஆகஸ்டில் வூட்ஸ்ரொக் விழாவில் அவர் அமெரிக்காவின் தேசிய கீதத்தை வாசிக்கையில், குண்டு வீழும் பேரொலியை ஒத்த ஓசைகள் அதனைக் குறுக்கிட்டன. வியற்னாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. கூடியிருந்தோர்க்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

விரல் விரைவு மட்டுமே திறமையாயின் வழக்கு எளிதில் தீர்ந்துவிடும். பி. பி. கிங் விரைவை நாடியவரல்லர். ஒரு தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே சுரத்தை நடுங்கச்செய்து நிறுத்துவார். வீணையில் கமகம் கேட்டுப் பழகிய நேயர்க்கு அதன் அருமை உடனே புலப்படும். பேர்மிங்ஹாம் நகரத்து ரொனி அயோமி 17 ஆம் வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் அகப்பட்டு இரு விரல்களின் நுனிகளை இழந்தார். பின்னர் விரல்களுக்குப் பிளாஸ்ரிக் முனைகளைத் தாமே செய்து பொருத்தி, நோவு குறையத் தந்திகளையும் தளர்த்தி வாசித்தார். அதிலிருந்து பிறந்த கனத்த, தாழ்ந்த நாதமே பின்னாளில் ஒரு தனி இசைவகைக்கு அடியாயிற்று. விரைவை அளக்கும் கோலில் இவை எவையும் பதியமாட்டா.

முன்னோடி யார் என்று கேட்டாலும் சிக்கலே. சக் பெரி 1958 இல் வெளியிட்ட 'ஜொனி பி. கூட்' 1977 இல் வொயேஜர் விண்கலங்களில் விண்வெளிக்கே அனுப்பப்பட்டது. அப்பாட்டின் புகழ்பெற்ற கிற்றார்த் தொடக்கமோ, 1946 இல் லூயி ஜோர்டன் குழுவின் இசைத்தட்டொன்றில் கார்ல் ஹோகன் வாசித்ததன் வழிவந்தது. ஹோகனின் பெயரை அறிந்தோர் இன்று மிகச் சிலர்.

அவரிலும் பெரிய மறதிக்கு ஆளானவர் சிஸ்ரர் றொசெற்றா தார்ப். 1915 இல் ஆர்க்கன்சா மாநிலத்தில் பிறந்த இக் கறுப்பினப் பெண்மணி, சிறுமியாயிருந்தபோதே திருச்சபைப் பாடல்களுக்குக் கிற்றார் வாசித்தவர். 1944 இல் அவர் பதிவுசெய்த பாடலொன்றை றொக் இசையின் முன்னோடிகளுள் வைத்து எண்ணுவர். 1964 மே மாதத்தில், மன்செஸ்ரர் நகரில் கைவிடப்பட்ட புகையிரத நிலையம் ஒன்றில் தொலைக்காட்சிக்காக அவர் பாடினார். ஒரு மேடையில் இளைஞர் அமர்ந்திருக்க, தண்டவாளத்துக்கு அப்பால் மறு மேடையில் அவர் நின்றார். மழை பெய்திருந்தது. குளிராடை அணிந்த நிலையிலேயே வெண்ணிற மின்கிற்றாரைத் தோளில் மாட்டி, மழையைப் பற்றிய பக்திப் பாடலையே எடுத்துப் பாடினார். அவர் விரல்களில் எழுந்த நடை, பிற்காலத்தில் ஆடவர் பலர் தமதென்று புகழ்பெற்ற நடையேயாம்.

1973 இல் பிலடெல்பியாவில் அவர் காலமானார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புதைகுழியின்மீது பெயர் பொறித்த கல்லொன்றும் இருக்கவில்லை. 2008 இல் நடந்த இசை நிகழ்ச்சியொன்றின் வருவாயைக் கொண்டே அது நாட்டப்பட்டது. 2003 ஆம் ஆண்டுப் பட்டியலின் நூறு பெயர்களுள் பெண்கள் இருவரே, தார்ப் அவ்விருவருள் ஒருவரல்லர். 2011 பட்டியலிலும் அவர் பெயரில்லை. 2023 இல் 6 ஆம் இடத்தில் அவர் பெயர் வந்தது. அப்பொழுது அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.