வலது கால் கியரிலிருந்து...

புல்லட் என்ற மோட்டார் சைக்கிள் பெயர் 1930-களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்துவிட்டது. ஆனால் நம் மனதில் பதிந்த உருவம் 1949-ல் வந்த 350 சிசி வண்டிக்குச் சொந்தம். எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் அதைக் கேட்டது. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, சென்னை திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் உதிரிகளைக் கொண்டுவந்து பூட்டினார்கள். சில ஆண்டுகளில் எல்லாமே இங்கேயே தயாராயின. இங்கிலாந்துத் தாய் நிறுவனம் 1970-ல் மூடப்பட்டது. சென்னை வண்டி பெரிய மாற்றமின்றி ஓடிக்கொண்டே இருந்தது.

பாரம்பரியத்தைக் காத்தார்கள் என்று இதைப் புகழ்வது வழக்கம். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் போட்டி குறைவு. மாற்ற வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அந்தப் பழைய புல்லட்டின் வார்ப்பிரும்பு என்ஜினை ஸ்டார்ட் செய்வதே தனி வித்தை. சாவியைத் திருப்பி, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்தபடி, ஆம்ப்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். பிறகு லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுப் பலத்தோடு ஒரே மிதி. கணக்கு தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று கியரை மிதிப்பார்.

1994-ல் நிறுவனம் ஐஷர் கைக்குப் போனது. கியர் இடப்பக்கம் வந்தது 2000-களில்தான். அதன் பிறகு புகைக் கட்டுப்பாடு நெருக்க, என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய அலுமினிய என்ஜின் வந்தது. ஆயில் ஒழுகல் குறைந்தது. பழைய ரசிகர்கள் சத்தமும் குறைந்துவிட்டதாகப் புலம்பினார்கள். புலம்பலில் நியாயம் உண்டு, ஒழுகலில் இல்லை.

2023-ல் வந்த புல்லட்டில் ஏறக்குறைய எல்லாமே புதுசு. 349 சிசி, 20.2 குதிரைத்திறன். பழைய வார்ப்பிரும்பு என்ஜினுக்கு 18தான். இத்தனை காலத்தில் ஏறியது அவ்வளவே. அதிர்வை அடக்க பேலன்சர் சேர்த்தாலும், பிஸ்டனின் நீண்ட ஓட்டத்தை மட்டும் விடவில்லை: விட்டம் 72 மில்லிமீட்டர், ஓட்டம் 85.8. 'டப் டப்' அங்கிருந்துதான் வருகிறது. ஹெட்லைட்டுக்கு இருபுறமும் உள்ள சின்னப் புலிக்கண் விளக்குகளும் அப்படியே.

போனது கிக்கர். பேட்டரி இறங்கிவிட்டால் 195 கிலோவைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போக வேண்டியதுதான்.