பட்டறையில் விளையாட்டு

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் வீட்டுப் பிள்ளைகளுள் பலர் பட்டறைகளிலும் ஆலைகளிலும் பணிபுரிகின்றனர். வேலையின் சலிப்புத் தீர ஒருவரையொருவர் கேலி செய்து சிரிப்பது இளமையின் இயல்பு. அதனை நாம் குறை கூறவில்லை. ஆயின், கைகலந்து ஆடும் விளையாட்டைச் சட்டம் எவ்வாறு நோக்குகிறது என்பதை அறிந்துவைத்தல் நலம்.

2024 மார்ச்சு மாதம் பெங்களூரில், மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் நிலையமொன்றில் வேலை செய்த இளைஞர், அங்கு வந்த தம் நண்பர்மீது அழுத்தக் காற்றுக் குழாயைப் பாய்ச்சி விளையாடினார். காற்று உடலினுட் புகுந்து குடலைச் சிதைத்தது. நண்பர் மாண்டார், விளையாடியவர் கைதானார்.

‘கெடுதல் செய்யும் எண்ணமில்லை’ என்பது மட்டும் ஒருவரைக் காவாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனமின்மையால் உயிரிழப்பு விளைவித்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. பிறர் உயிருக்கு ஊறு நேருமாறு நடந்து கொடுங்காயம் விளைவித்தால், 125ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு.

வேலைக்கும் ஆபத்தே. வேலை நேரத்தில் ஒழுங்கு குலைய நடப்பது நிலையாணைகளின்படி குற்றமாகும். விசாரணையில் மெய்ப்பிக்கப்பட்டால் பணிநீக்கமும் நேரலாம். விபத்துக்கான ஈட்டுத்தொகையோ, வேலையினின்று எழுந்து வேலையின் போக்கில் நேர்ந்த காயத்துக்கே உரியது. குறும்பைத் தொடங்கியவரே காயமுற்றால், அதனை வேலையினின்று எழுந்ததென நிலைநாட்டுதல் அரிது.

முதலாளிக்குப் பொறுப்பில்லையா எனக் கேட்கலாம். நம் நாட்டுத் தீங்கியல் சட்டம் பெரிதும் ஆங்கிலப் பொதுச் சட்டத்தைத் தழுவியது. இங்கிலாந்தில், சக தொழிலாளரைத் தடுக்கி விழச் செய்யும் பழக்கமுடைய ஒருவரால், உடற்குறையுடைய தொழிலாளி ஒருவர் விழுந்து மணிக்கட்டில் காயமுற்றார். அக்குறும்பர் ஏறக்குறைய 4 ஆண்டுகளாக அவ்வாறு நடந்து வந்ததை அறிந்தும், கண்டிப்பதோடு நின்ற நிறுவனமே பொறுப்பென்று 1957இல் தீர்ப்பாயிற்று. மேலாளர் அறிந்திருந்தார் என்பதே அவ்வழக்கின் உயிர்நாடி.

எனவே, குறும்புக்கு ஆளாகும் பிள்ளைகள் அதனைப் பொறுத்துக்கொண்டிராமல் எழுத்து மூலம் மேலாளருக்குத் தெரிவித்து, நகலொன்றை வைத்துக்கொள்ளட்டும். குறும்பில் இன்பங்காணும் பிள்ளைகளுக்கோ பெற்றோர் இதனை இன்றே எடுத்துரைக்கட்டும். ஊரை விட்டு வந்து தேடிய சோற்றை ஒரு நொடிச் சிரிப்புக்கு நாம் பணயம் வைக்கலாகாது.